தொண்ணூறு அக்கா

என் மூத்த பெண் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, தெருக்குழாயிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் பன்னிரண்டு கற்கள் முளைத்தன. முளைத்தன என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் வைத்ததைப் பார்க்கவில்லை. குழாயடி எப்போதும் சேறாகவே கிடக்கும். முந்தின வாரம்தான் நான் குடத்தோடு வழுக்கி, எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினேன். குடம் போயிற்று, குழந்தை போகவில்லை, ஆண்டவன் புண்ணியம். மறுநாள் காலையில் பார்த்தால் சேற்றில் ஒரு கல் பதிந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு எட்டு வைக்கும் தூரத்தில் தினம் ஒன்றாக, பன்னிரண்டாம் நாள் வாசற்படிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எல்லாம் ஒரே அளவுக் கல். ஆறு அங்குல நீளம், அகலம், உயரம். ஒவ்வொன்றின் மேலும் ஆணியால் கீறிய ஒரு தேதி. ஏழு வருகிற இடத்தில் அந்த ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டைப் போடுகிறவர் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். என் வீட்டுக்காரருடைய அக்கா.

சிமெண்ட் ஆலையிலிருந்து எங்கள் தெருவுக்கு அரை மணி நேர நடை. கல் ஒன்று எட்டுக் கிலோ. சோதனைக்குச் செய்து, உடைக்காமல் மிஞ்சிப்போனவற்றைத் தினம் ஒன்றாகத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார். நான் போய்க் கேட்டேன்.

"கல்லா? எந்தக் கல்லு?" என்றார். "நடக்க வசதியா இருக்கா இல்லையா? இருந்தா நடந்துட்டுப் போயேம்மா. கல்லுக்கு எதுக்கு ஜாதகம்?"

அக்கா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் அவரைப் பற்றி நாலு வரி எழுத ஆளில்லை. அவர் வாயைத் திறந்ததால் அதிகம் இழந்தவள் நான். அதனால் நானே எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

அக்கா ஆலையில் மணல் சுமக்கப் போனவர். கணவர் சின்ன வயதிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள். மணல் சுமந்து சுமந்து, எப்படியோ ஆலையின் சோதனை அறைக்குள் நுழைந்துவிட்டார். அங்கே அவருக்கு வேலை, கியூப் செய்வது. கியூப் என்றால் நான் சொன்ன அந்தக் கற்கள்தான். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் கலந்து இரும்பு அச்சில் மூன்று அடுக்காகப் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் முப்பத்தைந்து குத்து குத்த வேண்டும். அக்கா வாய்விட்டு எண்ணிக்கொண்டே குத்துவார். முப்பத்தி நாலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஈரம் காய்வதற்குள் மேலே ஆணியால் தேதியைக் கீறுவார். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார். ஏழாம் நாள் மூன்றை எடுத்து அமுக்கும் மிஷினில் வைத்து உடைக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள் இன்னும் மூன்றை. எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் அந்த சிமெண்டின் பலம். ஆலையில் எல்லாக் கூரைக்கும் இருபத்தெட்டாம் நாள் மிஷினின் முள் இருபத்தைந்தைத் தொட வேண்டும் என்பது கணக்கு.

தொட்டித் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. அக்காவின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்தே இருக்கும். எண்ணெய் தடவிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தால் குழந்தைகள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "அத்தை, உங்க கை வெடிச்ச தரை மாதிரி இருக்கு" என்று சிரிக்கும். "தரைதான்டி, இதுல விதை போட்டுப் பாரு, முளைக்கும்" என்பார்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அக்காவை விட ஆறு வயது சின்னவர். தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்யாணமான பிறகும் அவரைப் பார்த்து "டேய், சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்பார். அவரும் நாற்பது வயதில் நல்ல பிள்ளையாக "சாப்பிட்டேன்க்கா" என்பார். இரண்டு பேர் சட்டைப் பையிலும் ஒரு ஆணி இருக்கும். அக்காவுடைய ஆணி தேதி எழுத. இவருடைய ஆணி கூரையைக் கீறிப் பார்க்க. தளம் போட்டுப் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆனதும், ஏறி நாலு மூலையிலும் நடுவிலும் கீறிப் பார்ப்பார். ஆணி வழுக்கிக்கொண்டு போய்க் கோடு விழாமல் இருந்தால், அடியில் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்கம்புகளை எடுத்துவிடலாம் என்று அர்த்தம். "பழுத்துடுச்சு, முட்டைப் பிரிங்க" என்று கீழே குரல் கொடுப்பார். இருபது வருஷத்தில் அந்த ஆணி ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லை. சக கொத்தனார்கள் அவரை ஆணிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஆலைக்குப் பின்னால் ஒரு மொட்டை மலை. அது ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய மலை என்று சொல்வார்கள். எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. அதன் சிவந்த கல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருக்கும். பொம்பளைகள் குளிக்கும்போது குதிகால் தேய்க்க எடுத்து வருவோம். அந்தக் கல்லுக்கு அது தவிர வேறு உபயோகம் உண்டு என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

சோதனை அறைக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல படிப்பு. அந்தக் கல்லை மாவாக அரைத்து சிமெண்டில் நூற்றுக்கு முப்பது பங்கு கலக்கலாம் என்றார். கலந்தால் அவ்வளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் எரிக்க வேண்டாம், நிலக்கரி மிச்சம், புகை மிச்சம். அக்காவுக்கு இது ஒரே நாளில் பிடிபட்டது. எங்களிடம் வந்து சொன்னார்:

"நாம எரிக்க வேண்டியத மலை முன்னாடியே எரிச்சு வெச்சுடுச்சு. நாம அரைச்சா போதும்."

கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்டவன் என்றைக்கோ சமைத்து மூடி வைத்த பண்டம், நாங்கள் அதில் கால் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆலையில் ஆண்கள் சும்மா விடுவார்களா? "குதிகால் சிமெண்ட்" என்று பெயர் வைத்தார்கள். "இதுல வீடு கட்டினா வீட்டுக்காரி பாதம் பளபளன்னு இருக்கும்" என்றார்கள். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. அவருக்கு இருந்த கவலை வேறு. அந்தச் சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் ஏறும். ஏழாம் நாள் பார்த்தால் நோஞ்சான். இருபத்தெட்டாம் நாளும் இருபத்தைந்தைத் தொடாது, பத்தொன்பது, இருபதில் நிற்கும். ஆனால் தண்ணீரிலேயே விட்டு வைத்து தொண்ணூறாம் நாள் உடைத்தால், பழைய சிமெண்டையும் தாண்டிப் போகும். முதல் சோதனையில் அக்காதான் இதைத் தன் நோட்டில் எழுதி வைத்தார். அதிகாரி கூடத் தொண்ணூறு வரை பொறுக்கவில்லை, ஊருக்குப் போயிருந்தார். அதிலிருந்து அக்கா ஒவ்வொரு தடவையும் மூன்று கியூப் அதிகமாகச் செய்து தொட்டியின் மூலையில் போட்டு வைப்பார். யார் குறை சொன்னாலும், "தொண்ணூறு நாள் பொறுங்களேன்" என்பார். அப்படியே பெயராகிவிட்டது. "தொண்ணூறு வருது, வழி விடுங்கப்பா." அதற்கப்புறம் எங்கள் தெருப் பிள்ளைகள் வரைக்கும் தொண்ணூறு அக்கா.

சோதனைக்காக ஒரு மாதம் அந்தச் சிமெண்ட் ஓடியபோது, ஒரு சூளையைப் பதினோரு நாள் அணைத்து வைத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் எங்கள் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. என் சின்னவனுக்கு இருமல் நின்றது. நான் அப்போது அதைச் சூளையோடு சேர்த்து நினைக்கவில்லை. என் பிரார்த்தனைக்குப் பலன் என்று நினைத்துக்கொண்டேன். அக்காதான் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "பதினோரு நாள். எண்ணிப் பாரு."

பிறகுதான் ஆலை தன்னுடைய கேன்டீனுக்குக் கூரை போட்டது. புதுச் சிமெண்டிலேயே போட்டு எல்லோருக்கும் காட்டுவது என்று ஏற்பாடு, அதற்காக அந்தச் சூளையை மறுபடியும் அணைத்து வைத்தார்கள். கொத்து வேலை என் வீட்டுக்காரருக்கு. அக்கா தம்பியை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார்.

"டேய், இது பழைய சிமெண்ட் இல்லடா. முப்பது நாளைக்கு முட்டுல கை வைக்காத. குளிர்காலம் வேற, இன்னும் மெதுவா இறுகும்."

"சரிக்கா."

"உன் ஆணியை நம்பாத. மேல காஞ்சு கெட்டியா இருக்கும், உள்ள பச்சையா இருக்கும்."

"என் ஆணியைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ தொட்டியப் பாரு, நான் கூரையப் பாக்கறேன்."

அக்கா விடவில்லை. ஆலையின் கட்டிட சூப்பர்வைசரிடம் முப்பது நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தளம் போட்ட அன்றே, கூரையைத் தாங்கி நின்ற முட்டுக்கம்பு ஒன்றில் சாக்பீசால் தேதி எழுதி, "இதுக்கு முன்னாடி தொடாதே" என்றும் எழுதினார். எல்லாவற்றையும் எழுதி வைத்தவர், அந்தத் தாளுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் சாயந்திரம் சூப்பர்வைசர் வந்தார். பக்கத்துக் கட்டிடத்துக்கு முட்டு வேண்டும், வெளியிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள், கேன்டீன் முட்டும் கம்புமாக நின்றால் நன்றாகவா இருக்கும் என்றார். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் மேலே ஏறினார். நாலு மூலையிலும் நடுவிலும் கீறினார். ஆணி வழுக்கியது. கோடு விழவில்லை.

"பழுத்துடுச்சு, பிரிங்க" என்றார்.

முட்டு இழுப்பவர் ஒருவர் உள்ளே நடுவில் நின்று கடைசிக் கம்பை இழுத்துக்கொண்டிருந்தார். கூரையின் நடுப்பகுதி சத்தமே இல்லாமல் தொங்கியதாம், அப்புறம்தான் சத்தம் கேட்டதாம். அவருக்குத் தொடையோடு ஒரு கால் போயிற்று. உயிர் தப்பியது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. இரண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்பு சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்குய்யா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க? சிமெண்ட் சரியில்ல, அவ்வளவுதான். பன்னிரண்டு நாள்ல முட்டைப் பிரிக்கறது ஊர் வழக்கம். புதுச் சிமெண்ட் ஏமாத்திடுச்சு. உனக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல. உங்க அக்கா மட்டும் அந்தத் தொண்ணூறு புராணத்தப் பாடாம இருந்தா போதும்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நீ போய்ச் சொல்லு" என்றார் என்னிடம். அக்காவின் முகத்தைப் பார்த்து அவரால் கேட்க முடியாது.

நான் போனேன். அக்கா கதவருகில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, சிமெண்ட்டுக்கு என்ன பிள்ளை குட்டியா இருக்கு? பழியை அது மேல போட்டா அது கோவிச்சுக்குமா? அது வீட்டுல அடுப்பு எரியாம போயிடுமா?"

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, இன்னொரு விரலில் எண்ணெய் தடவினார்.

"சிமெண்ட்டுக்கு இல்லதான். ஆனா அது சரியில்லன்னு எழுதிட்டா சூளைய மறுபடி பத்த வெச்சுடுவாங்கம்மா. உன் பையன் இருமுவான். அது ஒரு பக்கம். கால் போனவன் கேப்பான், எதனால போச்சுன்னு. அவன் கிட்ட நான் என்ன சொல்றது?"

"உங்க தம்பி உள்ள போயிட்டா நான் என்ன பண்றது, அக்கா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "கேட்டா சொல்வேன். கேக்கலன்னா என் வாயிலேர்ந்து வராது. அவ்வளவுதான் என்னால முடியும்" என்றார்.

அன்றைக்கு நான் கும்பிட்ட கும்பிடு, யாரும் அவரைக் கேட்கக் கூடாது என்றுதான். உண்மை வெளியே வரக் கூடாது என்று ஆண்டவனிடமே வேண்டிக்கொண்டேன். அதற்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை ஆலையின் பயிற்சி அறையில் நடந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. என் வீட்டுக்காரரும் சூப்பர்வைசரும் உள்ளே இருந்தார்கள், நான் மற்றவர்களோடு வராந்தாவில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் வெளியூர் என்ஜினியர்கள் மூன்று பேர். ஓரத்தில் சோதனை அறை அதிகாரி, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இருபத்தெட்டு நாள் கியூப்களை அதற்கு முந்தின நாள்தான் உடைத்திருந்தார்கள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்று நடுவில் இருந்தவர் அக்காவைக் கேட்டார்.

"பத்தொன்பதுங்க."

"எவ்வளவு வரணும்?"

"இருபத்தஞ்சு."

அவர் எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது எனக்கு ஜன்னல் வழியாகவே கேட்டது. என்ஜினியர் ஃபைலை மூடி, கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "சரிம்மா, போகலாம். வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அது ஒரு கேள்வியா? வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறவர், பத்திரமாகப் போங்க என்பதில்லையா, அந்த மாதிரி ஒரு வார்த்தை. அக்கா நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் பக்கம் திரும்பினார்.

"சொல்லணும்ங்க" என்றார்.

சொன்னார். இருபத்தெட்டில் குறையும் என்பது முன்பே தெரியும், தொண்ணூறில் நிறைந்துவிடும், தொட்டியில் இன்னும் மூன்று கியூப் இருக்கிறது, அன்றைக்கு உடைத்துப் பாருங்கள் என்றார். சிமெண்ட் பொய் சொல்லவில்லை, முட்டைச் சீக்கிரம் பிரித்ததுதான் காரணம் என்றார்.

"யார் பிரிச்சது?"

"என் தம்பி."

"முப்பது நாள் ஆகும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

அந்த இடத்தில் என்ஜினியர் மறுபடி ஃபைலைத் திறந்து எழுதினார். அக்கா தொடர்ந்து, "ஆனா பிரிக்கச் சொன்னது சூப்பர்வைசருங்க. அவர்கிட்டயும் தாள்ல எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

"அந்தத் தாள் எங்கே?"

சூப்பர்வைசர் கையை விரித்தார். அப்படி ஒரு தாளே வரவில்லை என்றார். சாக்பீசால் எழுதிய முட்டுக்கம்பு அதற்குள் வேறு கட்டிடத்துக்குப் போய், மழையில் நனைந்து, பத்துக் கம்போடு ஒரு கம்பாகிவிட்டது. அதிகாரி பேனாவை மூடினார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் வாயே திறக்கவில்லை.

விசாரணை அறிக்கையில் இரண்டும் இருந்தது. கொத்தனார் தெரிந்தே முன்கூட்டி முட்டைப் பிரித்தார் என்றும் இருந்தது. புதுச் சிமெண்ட் இருபத்தெட்டு நாளில் வேண்டிய பலத்தைத் தொடவில்லை, ஆகவே நிறுத்தப்படுகிறது என்றும் இருந்தது. அக்கா எதைக் காப்பாற்ற வாயைத் திறந்தாரோ அதையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அறிக்கையை வைத்துக் கோர்ட்டில் என் வீட்டுக்காரருக்கு எட்டு மாதம் ஜெயில். சூப்பர்வைசரைப் பெரிய ஆலைக்கு மாற்றினார்கள். இடமும் பெரிது, பதவியும் பெரிது. சூளையை மறுவாரம் பற்ற வைத்தார்கள்.

தொண்ணூறாம் நாள் அக்கா தனியாக மிஷின் முன்னால் நின்று அந்த மூன்று கியூப்பையும் உடைத்தார். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது. ஒரு தாளில் எழுதி, இந்தத் தடவை நகலும் எடுத்துக்கொண்டு, மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி, மேஜையில் வைத்து, அதன் மேல் டீ கிளாசை வைத்தார். அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "டீ சூடா இருந்துச்சு போல. எண்ணு மேலயே வட்டம் விழுந்துச்சு" என்றார்.

அப்போது நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசுகிற நிலையில் இல்லை. குழாயடியில் அவர் சொன்னதைக் குடத்தைப் பார்த்தபடியே கேட்டேன். "கேக்கலன்னா சொல்ல மாட்டேன்னீங்களே, அக்கா" என்றேன்.

"கேட்டாங்களேம்மா."

"அது ஒரு கேள்வியா?"

"எனக்கு அது கேள்வியாத்தான் காதுல விழுந்துச்சு."

என் வீட்டுக்காரர் வெளியே வந்த அன்று, வீட்டுக்குள் நுழையும் முன்பே கடப்பாரையை எடுத்தார். வாசலிலிருந்து குழாய் வரைக்கும் பன்னிரண்டு கல்லையும் பெயர்த்துச் சாக்கடையில் போட்டார். அக்கா அதே தெருவில் தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. கல் இருந்த இடங்களில் பன்னிரண்டு சதுரப் பள்ளம். மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். அதற்குப் பிறகு அவர் வாயில் அக்கா என்ற வார்த்தை வந்ததில்லை. "அந்தம்மா" என்பார், அதுவும் தவிர்க்க முடியாத இடத்தில். உள்ளூரில் யாரும் அவர் கையில் கரண்டி கொடுக்கவில்லை. சுற்று ஊர்களில் சுவரும் தொட்டியுமாகச் சில்லறை வேலை செய்தார். "ஆணி சரியாத்தான் சொல்லுச்சு" என்று மட்டும் சில நேரம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஒன்பது வருஷம் போயிற்று. அக்காவை ஆலை வயதைச் சொல்லி அனுப்பியது. அனுப்பும்போது சால்வை போட்டு, ஒரு மூட்டை சிமெண்ட் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அந்தப் பழைய சோதனை அறை அதிகாரி. அப்போது அவர்தான் மேனேஜர். மூட்டை மேல் புதுப் பெயர், பச்சை இலைப் படம். அக்கா வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஓடியது.

"குதிகால் சிமெண்ட்" என்றார் என்னிடம். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்து போயிற்று. "நிலக்கரி விலை ஏறினதும் மலை ஞாபகம் வந்துடுச்சு. பேரை மாத்திட்டாங்க. அந்த ஆபீசர் தம்பி மேடையில ஏறி மாலை வாங்கிக்கிட்டாராம்."

மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இலை இருந்தது, நதி இருந்தது, ஒரு குழந்தை சிரித்தது. முட்டுக்கம்பை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று ஒரு எழுத்து இல்லை.

அந்த ஒரு மூட்டையை வைத்து அக்கா செய்தது இதுதான். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போயிருந்த வாரம், பட்டப்பகலில் வந்து, பன்னிரண்டு பள்ளத்தையும் நிரப்பினார். ஒவ்வொன்றையும் கம்பியால் முப்பத்தைந்து குத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டு. மேலே தேதி எழுதவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். "செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி கல்லுக்கு ஊத்தறாங்களே, தொண்ணூறுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று தெருவில் சிரித்தார்கள். அவர் வர முடியாத நாளில் நான் ஊற்றினேன். எங்களுக்குள் பேச்சு பழையபடி ஆனது அந்தத் தண்ணீரால்தான்.

இவர் ஊரிலிருந்து வந்ததும் வாசலில் நின்று பார்த்தார். "யார் போட்டது?"

"நகராட்சியில வந்து போட்டாங்க" என்றேன். பொய். ஆண்டவனுக்குத் தெரியும்.

அவர் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ஆணியை எடுத்துக் கீறிப் பார்த்தார். "நல்ல வேலை. என்ன சிமெண்ட்டோ" என்றார்.

அதற்கு மறு வருஷம், அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், மகள் வந்து தன்னோடு கூட்டிப் போக ஏற்பாடு செய்தாள். அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷம் கழித்து முதல் முறையாக ஒரு கூரை வேலை கிடைத்திருந்தது. பக்கத்து ஊரில் இரண்டு அறை வீடு. ஆள் முகத்தில் உயிர் வந்திருந்தது. சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். இவர் வரவில்லை. அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பை. மகள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். நான் வெளியே நின்று, கட்டி வந்த சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "உங்க தம்பிக்குக் கூரை வேலை கிடைச்சிருக்கு, அக்கா" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது.

"எப்ப தளம் போட்டான்?"

"முந்தாநாள்."

"என்ன மூட்டை?"

"கடையில இப்ப வர்றதுதான். இலை போட்டது."

அக்கா வெடித்த விரல்களால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அக்கா குரலை உயர்த்த வேண்டியிருந்தது, உயர்த்தினால் இருமல் வந்தது.

"இன்னும் அந்த ஆணிய வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்காருக்கா."

"கீறிப் பாக்க விடாத. முப்பது நாளைக்கு முட்டுல கை வைக்க வேண்டாம்னு சொல்லு. தினம் தண்ணி ஊத்தச் சொல்லு." பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நான் சொன்னேன்னு சொல்லாத."